அமைதிக்கு அளவுகோல் உண்டா?

ஆன்மிக நிலையங்களுக்கு வரும் அன்பர்கள் கேட்கும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறி வருகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு தியானத்தைப் பற்றிக் கேட்க வந்தவர், "மனம் அடங்க மறுக்கிறதே, என்ன செய்வது?" என்று கேட்பார். இஷ்டதெய்வத்தின் உருவம் உள்ளத்தில் நிலைக்கவில்லையே என்று வருந்துவார். இன்று வருபவர்களில் சிலர் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள்: "சுவாமிஜி, தியானம் செய்தால் கார்ட்டிசால் குறையுமாமே, எத்தனை நாட்களில் குறையும்?"

இந்தக் கேள்வியை இகழ்ந்து ஒதுக்க வேண்டியதில்லை. பகவத்கீதையில் தம்மை நாடி வருவோரை நான்கு வகையாகப் பிரித்துக் கூறும் பகவான், துன்பத்தால் வாடி வருபவனை முதலாவதாகவே குறிப்பிடுகிறார். நால்வரையும் உயர்ந்தவர்கள் என்றே ஏற்கிறார். உடல் நலத்துக்காகத் தியானத்தை நாடுபவரும் அந்த வரிசையில் நிற்பவரே. 2024 டிசம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, டிசம்பர் 21-ஆம் நாளை உலக தியான தினமாக அறிவித்தது. பல நாடுகளில் பல மதத்தவரும் மதம் சாராதவரும் தியானத்தைக் கைக்கொண்டிருப்பதற்கு, அது உடலுக்கும் மனத்துக்கும் நலம் தரும் என்ற நம்பிக்கை ஒரு முக்கிய காரணம்.

ஆனால் இங்கே ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தியானம் பலித்ததா இல்லையா என்பதை உடலில் ஊறும் ஒரு சுரப்பின் அளவைக் கொண்டு தீர்மானிக்க முடியுமா? சுரப்பு குறைந்துவிட்டால் மனிதன் அமைதி அடைந்துவிட்டான் என்று கொள்ளலாமா? நலமாக வாழும் சாதாரண மனிதர்களிடம் நடத்தப்பட்ட ஆராய்ச்சிகள் என்ன கூறுகின்றன, எதைக் கூறவில்லை என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொண்டால்தான் இதற்கு விடை காண முடியும்.

உடலின் அபாய மணி

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடலியல் அறிஞர் வால்டர் கானன், அச்சமும் சினமும் எழும்போது உடலில் நிகழும் மாறுதல்களை 1915-இல் வெளியிட்ட தமது நூலில் விளக்கினார். அபாயம் தென்பட்டதும், எதிர்த்துப் போரிடுவதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் நொடிப்பொழுதில் ஆயத்தமாகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, இரத்தம் தசைகளை நோக்கிப் பாய்கிறது, செரிமானம் மந்தமாகிறது. பின்னர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செல்யே, எலிகளிடம் தாம் கண்டவற்றை 1936-இல் வெளியிட்டார். குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு, நஞ்சு என்று துன்பத்தின் காரணம் எதுவாக இருந்தாலும், உடல் காட்டும் எதிர்விளைவு பெருமளவு ஒன்றாகவே இருந்தது. அட்ரீனல் சுரப்பிகள் பெருத்தன; தைமஸ் சுரப்பி சுருங்கியது; இரைப்பையில் புண்கள் தோன்றின. இன்று எல்லோரும் பேசும் மன அழுத்தம் என்ற கருத்து மருத்துவத்தில் வேரூன்றியது இத்தகைய ஆராய்ச்சிகளிலிருந்துதான்.

இந்த எதிர்விளைவில் முக்கிய பங்கு வகிப்பது கார்ட்டிசால் என்னும் ஹார்மோன். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் சைகை அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அவற்றின் புறப்பகுதி கார்ட்டிசாலை இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. உடனடித் தேவை இல்லாத வேலைகளை உடல் ஒத்திவைக்கிறது. கார்ட்டிசால் போதிய அளவு சுரந்ததும் அதுவே மூளைக்குச் செய்தியாகி, மேலும் சுரக்காமல் தடுக்கிறது. மணியை அடிப்பதும் நிறுத்துவதும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடங்கியிருக்கின்றன.

ஆகவே கார்ட்டிசாலைப் பகைவனாகக் கருதுவது தவறு. நலமுள்ள மனிதனிடம் அது ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குகிறது. காலையில் கண்விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்தை எட்டுகிறது. நள்ளிரவை ஒட்டி மிகவும் தாழ்கிறது. காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு வேண்டிய ஊக்கத்தில் அதற்கும் பங்கு உண்டு. அட்ரீனல் சுரப்பிகள் செயலிழப்பதால் வரும் நோயைத் தாமஸ் அடிசன் என்ற ஆங்கில மருத்துவர் 1855-இல் விவரித்தார். அந்நோயாளிகளுக்கு இந்த ஹார்மோனை மருந்தாகக் கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. கேடு விளைவது மணி அடிப்பதால் அன்று; அபாயம் நீங்கிய பின்பும் அது ஓயாமல் அடிப்பதால்தான். காட்டில் புலியைக் கண்ட மானுக்குச் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மனிதனோ நேற்று யாரோ சொன்ன சொல்லையும் நாளை வரப்போகும் கடன் தவணையையும் எண்ணி எண்ணி, எதிரில் இல்லாத புலிக்காக மணியை அடித்துக்கொண்டே இருக்கிறான்.

தியானமும் ஆய்வுக்கூடமும்

தியானம் செய்பவரின் உடலைக் கருவிகளால் ஆராயும் முயற்சி நம் நாட்டிலும் முன்னரே தொடங்கியது. டெல்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 1961-இல் வெளியிட்டனர். அமெரிக்காவில் ராபர்ட் கீத் வாலஸ் 1970-இல் வெளியிட்ட ஆய்வு, தியானத்தின்போது உடல் உட்கொள்ளும் பிராணவாயு குறைவதையும் தோலின் மின்தடை கூடுவதையும் காட்டியது. அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், அழுத்தத்துக்கு நேர் எதிரான ஓய்வு நிலை ஒன்று உடலுக்கு இயல்பாகவே உண்டு என்றும், தியானம் அதை எழுப்புகிறது என்றும் 1975-இல் ஒரு நூலில் எழுதினார்.

கார்ட்டிசாலைப் பொறுத்தவரை, 1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சில ஆண்டுகளாகத் தியானம் பயின்று வந்தவர்களிடம் தியான நேரத்தில் அதன் அளவு குறைந்தது. புதிதாகத் தொடங்கியவர்களிடம் அவ்வளவு தெளிவான மாற்றம் தென்படவில்லை. இதைக் கண்டு மகிழ்ந்தவர்கள் அடுத்து வந்ததையும் கேட்க வேண்டும். 1984-இல் டேவிட் ஹோம்ஸ் என்ற உளவியல் அறிஞர், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கிப் பார்த்தார். கண்களை மூடி வெறுமனே ஓய்வாக அமர்ந்திருந்தவர்களைவிடத் தியானம் செய்தவர்களின் உடல் கூடுதலாக அடங்கியது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது அவர் கண்ட முடிவு.

பின்னர் வந்த ஆய்வுகள் இன்னும் சிக்கலானவை. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு மாதம் தியானம் பயின்றவர்களுக்கு ஓய்வு நிலையில் கார்ட்டிசால் குறைந்திருந்தது. ஆனால் கடினமான சோதனை ஒன்றைத் தந்தபோது அது முன்னைவிட நன்றாக உயர்ந்தது. 2014-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 66 பேரிடம் நடத்திய ஆய்வு அதைவிட வியப்பானது. நாளொன்றுக்கு 25 நிமிடம் வீதம் மூன்று நாட்கள் மட்டும் விழிப்புநிலைத் தியானம் பயின்றவர்கள், தங்களுக்கு அழுத்தம் குறைந்திருப்பதாகக் கூறினார்கள். அவர்களுடைய உமிழ்நீரிலோ கார்ட்டிசால் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. புதிதாகக் கற்ற ஒன்றை இக்கட்டான நேரத்தில் முயன்று கடைப்பிடிப்பதும் ஓர் உழைப்பே என்று ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் தந்தனர். சாதனையைத் தொடங்கிய எவருக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. மனத்தை அடக்க முயலும் முதல் நாட்களில்தான் அது எவ்வளவு அடங்காதது என்று தெரிகிறது.

லைப்சிக் நகரத்துச் சோதனை

இவ்வகை ஆய்வுகளில் மிக விரிவானது, ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வுநிலையத்தில் டானியா சிங்கர் தலைமையில் நடைபெற்றது. நலமாக உள்ள, நடுவயது வரையிலான ஏறத்தாழ 300 பேர் இதில் பங்கேற்றனர். ஒன்பது மாதப் பயிற்சி மும்மூன்று மாதங்களாக மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதல் பகுதி மனஒருமைப் பயிற்சி: மூச்சைக் கவனித்தல், உடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக உணர்தல். மற்றொரு பகுதி அன்பையும் கருணையையும் வளர்க்கும் பயிற்சி. இன்னொன்று, தன் எண்ணங்களைச் சாட்சியாக நின்று நோக்கி, பிறர் நிலையிலிருந்து பார்க்கக் கற்கும் பயிற்சி.

பின்னிரண்டு பகுதிகளிலும் தனியே அமர்ந்து செய்யும் தியானத்தோடு, இருவராகச் செய்யும் பயிற்சியும் நாள்தோறும் இருந்தது. கருணைப் பயிற்சியில் ஒருவர், அன்றைய நாளில் தமக்கு மனவருத்தம் தந்த ஒன்றையும் நன்றியுணர்வு தந்த ஒன்றையும் மற்றவரிடம் சொல்வார். மற்றவர் இடைமறிக்காமல், அறிவுரை கூறாமல், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். பிறகு கேட்டவர் சொல்வார், சொன்னவர் கேட்பார். மொத்தம் பத்து நிமிடம்தான். இணையும் இருவர் ஒருவருக்கொருவர் முன்பின் அறியாதவர்கள். வாரந்தோறும் இணை மாறும்.

பங்கேற்றவர்கள் ஒரு சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளியிடப்பட்ட முறை அது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு குழுவின் முன் நின்று, வேலைக்கு நேர்காணல்போல் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். பின்னர் ஒரு பெரிய எண்ணிலிருந்து ஒரு சிறிய எண்ணைத் திரும்பத் திரும்பக் கழித்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்கு முன்னும் பின்னும் உமிழ்நீர் எடுத்துக் கார்ட்டிசால் அளக்கப்பட்டது.

2017-இல் வெளியான முடிவு இது. மூன்று வகைப் பயிற்சிகளில் எதைச் செய்தவரும் தமக்கு அழுத்தம் குறைந்ததாகவே உணர்ந்தார்கள். உமிழ்நீர் அவ்வாறு கூறவில்லை. மனஒருமைப் பயிற்சியை மட்டும் மூன்று மாதம் செய்தவர்களிடம், அச்சோதனையின்போது கார்ட்டிசால் சுரப்பு பயிற்சியே பெறாதவர்களைவிடக் குறையவில்லை. கருணைப் பயிற்சியும் பிறர் நோக்கை அறியும் பயிற்சியும் பெற்றவர்களிடமோ அது 51 விழுக்காடு வரை குறைந்திருந்தது. 2021-இல் வெளியான மற்றொரு முடிவு தலைமுடியைப் பற்றியது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அதில் படிந்திருக்கும் கார்ட்டிசால் கடந்த மாதங்களின் மொத்தக் கணக்கைக் காட்டும். ஆறு மாதம் தொடர்ந்து பயின்றவர்களிடம் அது சராசரியாக 25 விழுக்காடு குறைந்திருந்தது. எந்தப் பயிற்சி என்பதைவிடத் தொடர்ந்து செய்ததே இங்கு முக்கியமாகத் தெரிந்தது.

பெருமிதம் என்னும் பொறி

இதைப் படிக்கும் பக்தர் ஒருவருக்கு, "நம் முனிவர்கள் அன்றே கண்டதை இன்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று கூறத் தோன்றும். அப்படிக் கூறுவதற்கு இடம் இருப்பதுபோலவும் தெரிகிறது. பதஞ்சலி முனிவர் சித்தம் தெளிவதற்கான வழிகளைக் கூறத் தொடங்கும்போது, மூச்சைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாகவே, பிறரிடம் கொள்ள வேண்டிய மனப்பான்மைகளைக் கூறிவிடுகிறார்: இன்பமாக இருப்பவரிடம் நட்பு, துன்புறுபவரிடம் கருணை, புண்ணியம் செய்பவரிடம் மகிழ்ச்சி, பாவம் செய்பவரிடம் வெறுப்பற்ற விலகல். அஷ்டாங்க யோகத்தின் முதல் படியாகிய யமம், அகிம்சையில் தொடங்குகிறது. ஆசனம், பிராணாயாமம், தியானம் எல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன. உறவுகளைச் செம்மை செய்யாமல் மனத்தைச் செம்மை செய்ய முடியாது என்பது யோகத்தின் பழைய பாடம்.

ஆயினும் அந்தப் பெருமிதத்தில் ஓர் ஆபத்து உண்டு. சாஸ்திரம் உண்மை என்பதற்கு உமிழ்நீரைச் சான்றாகக் கொண்டு வருபவர், நாளை வேறோர் ஆய்வு வேறு முடிவைக் காட்டினால் சாஸ்திரத்தைக் கைவிட வேண்டியிருக்கும். மேலே கண்டபடி ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. அது விஞ்ஞானத்தின் குறையன்று, அதன் நேர்மை. தனக்குச் சாதகமான ஆய்வை மட்டும் எடுத்துக்காட்டி மற்றவற்றை மறைப்பது சத்தியத்துக்குப் புறம்பானது. தியானத்தைப் போற்றுவதற்காகப் பொய் சொல்பவர், அகிம்சையை அடுத்துள்ள படியாகிய சத்தியத்தையே இழந்துவிடுகிறார். தவிர, தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான ஒன்று இன்னும் இருக்கிறது: கார்ட்டிசால் எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல இயலாதது?

ஹார்மோன் அறியாதது

வேதாந்தம் மனித வாழ்வை ஐந்து கோசங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. ஹார்மோன்கள் அன்னமய, பிராணமய கோசங்களைச் சேர்ந்தவை. மனத்தில் எழும் அலை அங்கே சென்று மோதுகிறது. அந்த மோதலைத்தான் கருவி அளக்கிறது. அலை எழுந்தது என்று அது கூறும். எதற்காக எழுந்தது என்று கூறாது. அலை ஓய்ந்தது என்று கூறும். எதனால் ஓய்ந்தது என்று கூறாது.

முன்னிரவின் ஆழ்ந்த உறக்கத்தில் எல்லா மனிதர்களிடமும் கார்ட்டிசால் தாழ்ந்திருக்கிறது. அதன் குறைவுதான் குறிக்கோள் என்றால் உறக்கமே போதும், சாதனை வேண்டியதில்லை. சுழுத்தியையும் சமாதியையும் ஒன்றெனக் கொள்ளக்கூடாது என்று ஆசாரியர்கள் வலியுறுத்துவது இதனால்தான். உறக்கத்திலிருந்து எழுபவன் உறங்கப் போனபோது இருந்தவனாகவே எழுகிறான். சமாதியிலிருந்து எழுபவன் மாறிய மனிதனாக எழுகிறான். தமோகுணத்தின் சோம்பலும் சத்துவகுணத்தின் அமைதியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் என்று சுவாமி விவேகானந்தர் பலமுறை எச்சரித்தார். அண்டை வீட்டில் பசியால் அழும் குழந்தையின் குரல் கேட்டும் அசையாதவனுடைய இரத்தத்திலும் கார்ட்டிசால் தாழ்ந்தே இருக்கக்கூடும். அதை அமைதி என்று அழைக்க யாருக்கும் மனம் வராது.

கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் தன் நிலையைக் கூறும் இடத்தை இந்தக் கோணத்தில் காண வேண்டும். கைகால்கள் சோர்கின்றன, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, மயிர் சிலிர்க்கிறது, தோல் எரிகிறது, வில் கையிலிருந்து நழுவுகிறது. கானன் விவரித்த உடல் மாறுதல்களை நினைவூட்டும் பட்டியல் இது. பகவான் அதற்கு என்ன செய்தார்? அவனை அமர்த்தி ஆசுவாசப்படுத்தி ஊர் திரும்பச் சொல்லவில்லை. நடுக்கத்துக்குப் பின்னால் இருந்த மயக்கத்தை எடுத்துக்காட்டினார், எது கடமை, எது பற்று என்று பிரித்துக் காட்டினார், தியானத்தையும் கற்பித்தார், பிறகு எழுந்து செயலாற்றச் சொன்னார். உபதேசம் முடிந்தபோது அர்ஜுனன், தன் மயக்கம் நீங்கியது என்றும், ஐயம் அகன்று உறுதியாக நிற்கிறேன் என்றும் கூறுகிறான். நடுக்கம் நின்றதா என்று அவன் கூறவில்லை. அது அங்கே கேள்வியாகவே இல்லை.

1868-ஆம் ஆண்டில் ஸ்ரீராமகிருஷ்ணர், மதுர்பாபுவுடன் காசிக்கு யாத்திரை சென்றார். வழியில் தேவ்கர் என்னும் வைத்தியநாதத்தில், எண்ணெய் காணாத தலையும் கந்தலுமாக நின்ற ஏழைகளைக் கண்டு அவர் உள்ளம் உருகியது. ஒவ்வொருவருக்கும் தலைக்கு எண்ணெயும் ஓர் ஆடையும் ஒருவேளை வயிறார உணவும் தருமாறு கேட்டார். யாத்திரைக்கு வைத்திருந்த பணம் போதாமல் போகுமே என்று மதுர்பாபு தயங்கினார். ஸ்ரீராமகிருஷ்ணர் கண்ணீர் வடித்தபடி அந்த ஏழைகளின் நடுவே சென்று அமர்ந்துவிட்டார். இவர்களை விட்டுக் காசிக்கு வரப்போவதில்லை என்றார். மதுர்பாபு இணங்கி, கல்கத்தாவிலிருந்து துணிகளை வரவழைத்தார்.

அந்த நேரத்தில் ஒரு கருவி இருந்து அவருடைய உமிழ்நீரை அளந்திருந்தால் என்ன காட்டியிருக்கும்? நிர்விகல்ப சமாதியில் ஆழ்ந்து திளைத்த ஒரு மகான், அழுத்தத்துக்கு ஆளாகியிருக்கிறார் என்று அது காட்டியிருக்கலாம். ஆயினும் அவரைத் தியானத்தில் தோற்றவர் என்று எவர் கூறுவார்? தன் பொருட்டு நடுங்குவதும் பிறர் பொருட்டு உருகுவதும் சுரப்பிகளுக்கு ஒன்றே. அறத்துக்கு அவை ஒன்றல்ல.

மணியின் நாவைக் கட்டலாமா?

இந்த வேறுபாட்டை மறந்தால் தியானமே அநீதிக்குத் துணைபோக நேரிடும். பல நிறுவனங்கள் இன்று ஊழியர்களுக்குத் தியான வகுப்புகள் நடத்துகின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவர் அதனால் சோர்ந்தால் தியான வகுப்புக்கு அனுப்புவது என்ன வகை தர்மம்? வீட்டில் மனைவியை நாளெல்லாம் வதைத்துவிட்டு, "நீ கொஞ்சம் தியானம் பழகினால் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது" என்று அறிவுரை கூறும் கணவனும் அதைத்தான் செய்கிறான். தீப்பிடித்த வீட்டில் மணி அடித்தால் தீயை அணைக்க வேண்டும். மணியின் நாவைக் கட்டுவது தீர்வாகாது.

லண்டனில் அரசு ஊழியர்களைக் கொண்டு 1967-இல் தொடங்கி நடத்தப்பட்ட வைட்ஹால் ஆய்வு இதற்குச் சான்று. மைக்கேல் மார்மட் முதலியோர் அதில் கண்டது இது: கீழ்நிலைப் பதவிகளில் இருந்த ஆண்கள் இதயநோயால் இறந்த விகிதம், மிக உயர்ந்த பதவிகளில் இருந்தவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக இருந்தது. புகைபிடித்தல் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பின்பும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி நீடித்தது. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் கூடுவதைக் காட்டியது. அழுத்தம் தனிமனிதனின் உள்ளத்தில் மட்டும் பிறப்பதில்லை. மனிதரை மனிதர் நடத்தும் முறையிலும் பிறக்கிறது. மருந்தும் இரு இடங்களிலும் தேவை. பிறரால் விளையும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளத் தியானத்தைத் தானே தேர்ந்துகொள்வது தவம். அதே துன்பத்தை விளைவிப்பவர் அதைப் பரிந்துரைப்பது தவம் ஆகாது.

எந்தப் படியில் நிற்பது?

அப்படியானால், கார்ட்டிசால் குறைய வேண்டும் என்று தியானம் செய்யத் தொடங்கியவர் தவறு செய்கிறாரா? இல்லை. நோய்வாய்ப்பட்டவர் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தாமல், அதனோடு தியானத்தையும் மேற்கொள்வது நலம். நலமாக இருப்பவரும் ஓயாத அபாய மணியிலிருந்து சற்று விடுதலை பெற்றால், உயர்ந்தவற்றை எண்ண அவருக்குத் தெம்பு கிடைக்கும். உடல் நலத்தை நாடி ஆசிரமத்தின் வாயிலுக்கு வந்தவர் உள்ளேயும் வரலாம். வாயிற்படியையே கருவறை என்று எண்ணி அங்கேயே அமர்ந்துவிடுவதுதான் பிழை.

காசிப்பூரில் ஸ்ரீராமகிருஷ்ணர் நோயுற்றிருந்த நாட்களில், எந்நேரமும் சமாதியில் மூழ்கியிருக்க வேண்டும் என்ற தம் விருப்பத்தை நரேந்திரர் அவரிடம் தெரிவித்தார். குருதேவர் அவரைக் கடிந்துகொண்டார். ஆயிரம் பேர் தங்கி இளைப்பாறும் பெரிய ஆலமரமாக விளங்குவாய் என்று எண்ணியிருந்தால், உன்னுடைய முக்தியை மட்டும் நாடுகிறாயே என்று வருந்தினார். சமாதி என்னும் பேரின்பத்தையே தனக்காக மட்டும் கேட்பது சிறுமை என்று அவர் கருதினார். அப்படியிருக்க, சில அலகுகள் குறைந்த ஒரு சுரப்பைத் தனக்காக மட்டும் சேர்த்துக்கொண்டு நிறைவடைவதைப் பற்றி என்ன சொல்வது?

அறிக்கையைக் கையில் ஏந்தி வந்த அன்பரின் கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. கார்ட்டிசால் குறையலாம், சில நாட்களில் குறையாமலும் இருக்கலாம், தொடக்கத்தில் கூடவும் கூடலாம், மாதக்கணக்கில் விடாது பயின்றால் குறைவதற்கு வாய்ப்பு மிகுதி. ஆனால் லைப்சிக் நகரில் அறிமுகமற்ற இருவர் நாள்தோறும் பத்து நிமிடம் செய்ததை அவர் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். விடியற்காலையில் ஒரு மணி நேரம் தியானத்தில் அமர்ந்து எழுந்தவர், மருமகள் கைதவறி டம்ளரைக் கீழே போட்டதும் சீறி விழுகிறார் என்றால், அந்த ஒரு மணி நேரம் இன்னும் அவருக்குள் இறங்கவில்லை. அன்று மாலை அவளை அருகில் அழைத்து, "இன்றைக்கு உனக்கு எப்படி இருந்ததம்மா?" என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்பாரானால், அதுவும் தியானத்தின் ஒரு பகுதியே.

ஆறு மாதம் கழித்து, தியானத்தால் பயன் விளைந்ததா என்று அறிய விரும்பினால், பரிசோதனைக் கூடத்துக்குப் போவது அவர் விருப்பம். வீட்டில் உள்ளவர்களிடமும் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். அவர்கள் கூறும் விடைக்கு அலகு கிடையாது. ஆனால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.